கனவில் விழித்தவர்க்கும் சோதனை வேண்டுமோ?

எதிர்பாராத நற்செய்தி செவியிற் பட்டவிடத்து, "இது கனவோ நனவோ" என்று ஐயுற்றுத் தம் கையைத் தாமே கிள்ளிப் பார்ப்பது நம் மக்கள் வழக்கம். பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் நம் கல்லூரி முற்றத்திலேயே இக்காட்சியைக் காணலாம். நோவு உண்டாயின் நனவு, இன்றேற் கனவு. எளிய சோதனைதான்; ஆயின் நம்பத்தக்க சோதனையன்று. கனவிலும் நோவு தோன்றுதல் உண்டு. இதனினும் நம்பத்தக்க சோதனைகள் சில உள. அவற்றில் நன்கு பழகியவர்க்கு அவை பின்னரும் வேண்டுமோ, வேண்டாவோ என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருளாகும்.

யான் வாழும் தலவில, கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளக் கடனீரேரியுமாக அமைந்த மணற்பரப்பில் உள்ளது. இங்குள்ள புனித அன்னம்மாள் ஆலயத்தை அறியாதார் இலங்கையில் இலர். மார்ச், ஓகஸ்ட் மாதங்களில் நடைபெறும் திருவிழாக்களுக்குக் கத்தோலிக்கரேயன்றிப் பிற சமயத்தவரும் திரண்டு வருவர். இவ்வாலயத்தின் தோற்றம் பற்றி வழங்கும் வரலாறுகளுள் ஒன்று ஒரு கனவைப் பற்றியது. 17ஆம் நூற்றாண்டில், மன்னாரிலிருந்து கொழும்புக்குப் பிழைப்பு நாடிக் கால்நடையாய்ச் சென்ற வறிய போர்த்துக்கேயர் ஒருவர், களைப்பு மிகுதியால் இங்கு ஒரு மரநிழலிற் கண்ணயர்ந்தார். மரத்தடியில் திருவுருவம் ஒன்றும் அதன்முன் எரியும் மெழுகுதிரிகளும் இருப்பதாகக் கனவு கண்டார். விழித்து நோக்கியபோது கனவிற் கண்ட அவ்வுருவமும் விளக்குகளும் கண்ணெதிரே இருந்தன என்பர்.

அடியார் நம்பிக்கையை அளந்து பார்ப்பது எம் பணியன்று; அஃது அவர்க்கு உரியது. எனினும் இவ்வரலாற்றைக் கேட்குந்தோறும் ஒரு வினா என் உள்ளத்தில் எழுவதுண்டு. கனவிற் கண்டதையே கண்விழித்தும் கண்ட ஒருவர், தாம் மெய்யாகவே விழித்துவிட்டமையை எங்ஙனம் துணிந்தார்? இவ்வினா அவ்வழிப்போக்கர்க்கு மட்டும் உரியதன்று. நாள்தோறும் துயின்று எழும் நம் ஒவ்வொருவர்க்கும் உரியது. நாம் கேட்பதில்லை, அவ்வளவே.

காண்பது கனவே என்று அக்கனவினுள்ளேயே அறிந்தவாறு காணும் கனவைத் தெளிகனவு என இங்கு வழங்குவோம். அரிஸ்டோட்டில் கனவுகளைப் பற்றி எழுதிய சிறு நூலிலேயே, உறங்குவோன் ஒருவனின் உள்ளத்துள் ஏதோவொன்று "இது கனவே" என்று சொல்லுவதுண்டு எனக் குறித்துள்ளார். இவ்வகைக் கனவுக்கு மேனாட்டில் இன்று வழங்கும் பெயரைப் பரப்பியவர் ஒல்லாந்து நாட்டு மருத்துவரும் எழுத்தாளருமாகிய பிரெடெரிக் வான் ஈடன். 1898 முதல் 1912 வரை தாம் கண்ட 352 தெளிகனவுகளைக் குறித்துவைத்து, 1913ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றிய ஆய்வுரையொன்றை அவர் வெளியிட்டார். நெடுங்காலம் அறிவியலார் இதனை ஏற்றிலர். உறங்குபவன் எங்ஙனம் அறிந்திருத்தல் கூடும்? அறிந்திருந்தால் அவன் உறங்கவில்லை என்பதே அவர் வாதம்.

இவ்வாதம் வீழ்ந்த வகை மிக நயமானது. கனவு மிகுதியும் நிகழும் உறக்க நிலையில் உடலின் தசைகள் யாவும் செயலற்றுக் கிடக்கும். விழிகளும் மூச்சுமே அசைவன. ஆகவே கனவினுள் அறிவு பெற்றவன் வெளியுலகுக்குச் செய்தி அனுப்ப விரும்பின் அவனுக்குக் கிடைக்கும் ஒரே தந்திக்கம்பி அவன் விழிகளே. 1975 ஏப்பிரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்பார், அலன் வோர்ஸ்லி என்பவரை உறங்கவைத்து, கனவென உணர்ந்ததும் விழிகளை இடமும் வலமுமாக முன்னரே பேசிவைத்த எண்ணிக்கைப்படி அசைக்குமாறு செய்தார். கருவி அதனைப் பதிவு செய்தது. இதனை அறியாமலே அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபேர்ஜ் தம் கலாநிதிப் பட்ட ஆய்வில் இதே முடிபைக் கண்டு 1981இல் வெளியிட்டார். 2021இல் அமெரிக்கா, பிரான்சு, ஜேர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வாளர் ஒருங்கே வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது: உறங்குபவரிடம் "எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை" என வினவ, அவர் கனவிலிருந்தவாறே விழியை இருமுறை அசைத்து விடை கூறினார். சரியான விடை கிடைத்தது ஐந்திலொரு பங்குக்கும் குறைவான முயற்சிகளிலேதான், ஆயினும் கிடைத்தது.

நம் முன்னோர்க்கு இது வியப்பளித்திராது. சைவசித்தாந்த நூல்கள் உயிரின் நிலைகளைச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்தாக வகுத்து, சாக்கிரத்தில் 35 கருவிகளும் சொப்பனத்தில் 25 கருவிகளும் தொழிற்படும் என்று கணக்கிட்டன. குறைந்த பத்தும் எவை? ஐம்பொறிகளும் தொழிற்கருவி ஐந்துமே. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் எனும் உட்கருவி நான்கும் கனவிலும் உயிரோடு உள. எனவே கனவில் எண்ணுதலும் துணிதலும் இயலாதன அல்ல. இற்றை நாள் மூளையாய்வாளரோ இதற்கு ஒரு திருத்தம் கூறுவர். கனவுறக்கத்தில் உணர்ச்சிக்கும் காட்சிக்கும் உரிய மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பாயிருக்க, நெற்றிக்குப் பின்னுள்ள, ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் பகுதி சோர்ந்து கிடக்கின்றது என்பது அவர் கண்டது. சாக்கிரத்தில் உயிர் புருவநடுவிலும் சொப்பனத்தில் கண்டத்திலும் நிற்கும் என்ற பழைய கூற்றோடு இதனை ஒப்பிட்டு மகிழ்வார் உளர். யான் அவ்வளவு தூரம் செல்லேன். ஒப்புமை வேறு, சான்று வேறு.

கனவில் நாம் ஏமாறுவதன் காரணம் இதனால் தெளிவாகும். இறந்த பாட்டனார் திண்ணையில் இருந்து வெற்றிலை இடிக்கின்றார். கல்லூரி மண்டபம் கடற்கரைக்கு வந்துவிடுகின்றது. நமக்கு ஐயமே எழுவதில்லை. சான்றுகள் குவிந்து கிடக்கின்றன, நீதிபதிதான் உறங்குகின்றார். அவரைத் தட்டியெழுப்பும் உபாயமே நனவுச்சோதனை.

அவற்றுட் சிலவற்றைக் கூறுவோம். மூக்கை விரல்களால் இறுகப் பிடித்து மூச்சை உள்ளிழுக்க முயல்க. கனவிற் பிடிப்பது கனவு மூக்கையே; பாயிற் கிடக்கும் மெய்யான மூக்குத் திறந்தே உள்ளது; ஆதலின் மூச்சுத் தடையின்றிச் செல்லும். அச்சிட்ட வரியொன்றைப் படித்து, முகத்தைத் திருப்பி, மீண்டும் அதனையே படிக்க. கனவில் எழுத்துகள் பெரும்பாலும் மாறிவிடும். ஏனெனில் அங்கு வரியைத் தாங்கி நிற்கும் தாள் ஒன்று இல்லை, ஒவ்வொரு முறையும் உள்ளமே அதனைப் புதிதாக எழுதவேண்டியுள்ளது. கடிகாரத்தின் இலக்கங்களும் அவ்வாறே. மின்விளக்கின் ஆளியை அழுத்திப் பார்த்தலும் ஒன்று. கனவில் விளக்கு ஏற்றபடி எரிவது அரிது என்பதை ஹேர்ன் ஆராய்ந்து எழுதினார். இக்கடைசிச் சோதனையை நம் நாட்டார்க்கு யான் பரிந்துரையேன். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில், நுரைச்சோலை அனல்மின் நிலையம் இதே குடாநாட்டில் இருந்தும், தலவிலயில் ஆளியை அழுத்தியவர் யாவரும் தாம் கனவு காண்பதாகவே முடிவு செய்திருத்தல் வேண்டும்!

இனி வினாவுக்கு வருவோம். உயர்தர வகுப்பில் திருக்குறளின் கனவுநிலையுரைத்தல் அதிகாரத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நனவு என ஒன்று இல்லையாயின் கனவில் வந்த காதலர் பிரியார் என்று தலைவி ஏங்கும் இடம். மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அவளுக்குக் கனவு கனவென்று விழித்த பிறகுதான் தெரிகிறது. எனக்குக் கனவுக்குள்ளேயே தெரிகிறது. இரண்டு வருடமாகப் பழகுகிறேன். இனியும் நான் பகலெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரியவேண்டுமா?" வகுப்புச் சிரித்தது. வினா சிரிப்புக்குரியதன்று.

பகலிற் சோதனை செய்வது எதற்கு? ஜேர்மானிய உளநூலறிஞர் பவுல் தோலே, நாளொன்றுக்கு ஐந்து முதற் பத்து முறை "யான் இப்போது விழித்திருக்கின்றேனா, கனவு காண்கின்றேனா" என மெய்யாகவே தம்மை வினவிக்கொள்ளுமாறு பயில்வோர்க்குக் கூறினார். பகலிற் பழகிய வினா இரவிலும் எழும் என்பது கருத்து. "மெய்யாகவே" என்னும் சொல்லிலேதான் எல்லாம் தங்கியுள்ளது. விடை தெரிந்தபடியே மூக்கைப் பிடிப்பவன், பொருளுணராது வாய்பாடு ஒப்பிக்கும் சிறுவனை ஒப்பான். அவன் கனவிலும் மூக்கைப் பிடிப்பான். மூச்சுத் தாராளமாகச் செல்லும். "சரி, விழித்திருக்கின்றேன்" என்று மேலே நடப்பான்! இவ்வாறு நிகழ்ந்ததைப் பலர் எழுதியுள்ளனர். 2017இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் பல்கலைக்கழகத்து டென்ஹம் அஸ்பி வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டியது. சோதனையை மட்டும் செய்தோர் குறிப்பிடத்தக்க பயன் பெற்றிலர். சோதனையோடு, ஐந்து மணிநேரம் உறங்கி எழுந்து, "அடுத்த கனவில் இது கனவென்பதை நினைவுகூர்வேன்" எனும் எண்ணத்தை உள்ளத்திற் பதித்து மீண்டும் துயின்றோர் 100க்கு 17 முயற்சிகளில் வெற்றி கண்டனர். அவ்வெண்ணத்தோடு ஐந்து நிமிடத்துள் உறங்கிவிட்டவர்க்கோ அது 46 வரை உயர்ந்தது. வேலை செய்வது விரலன்று, நினைவே.

ஆகவே நெடுநாட் பழகியவனுக்குப் பகற்சோதனை பெரிதும் வேண்டியதில்லை என்பது என் துணிபு. கனவின் நடுவில் அவனுக்கு அது இன்னும் குறைவாகவே வேண்டும். கரைவலை இழுக்கும் முதியவர் கடலின் நிறத்தைப் பார்த்தே காற்றின் திசையை அறிவார். விரலை நனைத்து உயர்த்திப் பார்த்துக்கொண்டிரார். தந்தையின் குரலைக் கேட்டவன் அவர் பெயரை விசாரிப்பதில்லை. அவ்வண்ணமே, பழகியவனுக்குக் கனவின் ஒளியிலும் அசைவிலும் தன் உடலின் இலேசிலும் ஒரு தனிச்சுவை புலப்பட்டுவிடுகின்றது. அறிந்தபின் சோதித்தல் வீண், சிலபோது தீங்குமாம். வான் ஈடன் 1904 செப்டெம்பர் 9ஆம் நாள் கண்ட கனவை எடுத்துக்கொள்ளுங்கள். தெளிகனவிற் பல்லாண்டு பழகிய அவர், காண்பது கனவென்று நன்கறிந்தவாறே, மேசையிலிருந்த மெல்லிய மதுக்கிண்ணத்தை முட்டியால் ஓங்கிக் குத்தினார். கிண்ணம் உடையவில்லை. சிறிது பொறுத்து மீண்டும் நோக்கினால் உடைந்து கிடந்தது! நாடகமேடையில் தன் முறை தவறிச் சற்றுப் பிந்திவந்த நடிகனைப் போல, உடைவு பிந்தி வந்தது. அவர் கனவென்பதை ஏற்கெனவே அறிந்திருந்தமையால் ஏமாறவில்லை. அறியாத ஒருவன் இரண்டாம் முறை மட்டும் நோக்கியிருப்பின், "கிண்ணம் உடைந்தது, ஆகவே இது நனவு" என்று தீர்ப்பெழுதியிருப்பான். கனவு நம் சோதனைகளையும் கற்றுக்கொள்கின்றது.

இதனால் மாணவன் மகிழலாம். ஆனால் ஓரிடம் எஞ்சியுள்ளது. அங்கே அனுபவம் துணை செய்வதில்லை, மாறாக ஏமாற்றுகின்றது. அதுவே பொய்விழிப்பு. விடிகாலை; மணி ஒலிக்கின்றது; எழுகின்றோம், பல் துலக்குகின்றோம், தேநீர் அருந்துகின்றோம், புத்தகங்களை அடுக்குகின்றோம்; அப்போது மீண்டும் மணி ஒலிக்கின்றது; கண்விழித்தால் பாயிலேயே கிடக்கின்றோம். இதனை அனுபவியாதார் அரியர். தெளிகனவு மிகுதியாகக் காண்போர்க்கு இப்பொய்விழிப்பும் மிகுதி என்று ஆய்வாளர் கூறுவர். வான் ஈடனும் தம் கனவு வகைகளுள் இதனைத் தனிவகையாக வைத்து, அதன் அச்சுறுத்தும் இயல்பைக் குறித்துள்ளார்.

அனுபவம் இங்கு ஏன் தோற்கின்றது? பறக்கும் யானை கனவின் அடையாளம், பழகியவன் கண்டுகொள்வான். பொய்விழிப்பிலோ அவ்வடையாளம் ஒன்றுமில்லை. தன் அறை, தன் பாய், தன் விளக்கு, யாவும் உள்ளவாறே. மேலும், "இப்போதுதான் கனவிலிருந்து எழுந்தேன்" என்ற எண்ணமே ஐயத்தை அணைத்துவிடுகின்றது. வேதாந்திகளின் பழைய வழக்கொன்று இங்கு நினைவுக்கு வரும். கௌடபாதர் மாண்டூக்கிய காரிகையில் நனவும் கனவும் பொய்ம்மையில் ஒப்பன என்று வாதித்தார். அவர் மரபில் வந்த சங்கரரோ, பிரமசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்து 29ஆம் சூத்திரத்துக்கு உரை வகுக்குமிடத்து, கனவுக் காட்சி விழிப்பினால் மறுக்கப்படுகின்றது, நனவுக் காட்சி அங்ஙனம் மறுக்கப்படுவதில்லை. ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று வேறுபாடு காட்டினார். உலகியலில் நாம் யாவரும் கைக்கொள்ளும் அளவுகோல் சங்கரர் கூறிய இதுவே: பின் வந்த அறிவு முன் வந்ததை மறுத்தால் முன்னது கனவு. பொய்விழிப்பு இவ்வளவுகோலையே திருடிக்கொள்கின்றது. அங்கே ஒரு கனவை மறுப்பது இன்னொரு கனவு. மறுக்கப்பட்டது பொய் என்பது சரி. மறுத்தது மெய் என்பதற்கு அது சான்றாகாது. ஆதலின், எவ்வளவு பழகியவனாயினும் விழித்ததாகத் தோன்றும் ஒவ்வொரு வேளையும் ஒருமுறை மெய்யாகச் சோதித்தல் வேண்டும். கடிகாரத்தை நோக்கி, கண்ணை விலக்கி, மீண்டும் நோக்குதல் போதுமானது. மூக்குச் சோதனை அதனினும் உறுதி. ஒரு பொய்விழிப்பைக் கண்டுபிடித்து எழுந்தவன் இரண்டாம் விழிப்பிலும் சோதித்தல் வேண்டும். "இப்போது நிச்சயம்" என்ற நெகிழ்ச்சியிலேதான் பலர் மீளவும் அகப்படுகின்றனர்.

இவையெல்லாம் பொழுதுபோக்காளர் விளையாட்டு என்று நினைப்பவர்க்கு ஒன்று கூறுவேன். இப்பகுதி மக்கள் பலவகைத் துன்பம் சுமந்தவர்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாகப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து தங்கினர். போரினால் இடம்பெயர்ந்த தமிழரும் வந்தனர். கடல் தன் பங்குக்கு உயிர்களைக் கொண்டுபோவது எந்நாளும் உள்ளது. பேரிடர் கண்டோர்க்கு அதே நிகழ்ச்சி ஆண்டுக்கணக்காகக் கனவில் திரும்பத் திரும்ப வருதல் மருத்துவர் நன்கறிந்த நோய். அத்தகைய கனவில் பொய்விழிப்பு நேர்வது மிகக் கொடிது. ஓடி ஒளிந்து, அலறி எழுந்து, "கனவுதான், தப்பினேன்" என்று மூச்சுவிடும் வேளையில் வாயிற்கதவு மீண்டும் தட்டப்படுகின்றது. அவர்க்கு ஒரு சிறு சோதனை, தாம் மெய்யாகவே தம் வீட்டில், தம் மக்களிடையே இருக்கின்றோம் என்ற ஆறுதலை அளிக்கும். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையில், கொடுங்கனவு நோய்க்கு முதன்மையாகப் பரிந்துரைத்தது வேறொரு முறை: விழித்திருக்கையில் அக்கனவின் முடிவை நல்லதாக மாற்றி எழுதி, நாள்தோறும் உள்ளத்தில் ஒத்திகை பார்த்தல். தெளிகனவுப் பயிற்சியும் பயன்படுத்தக்கூடியவற்றுள் ஒன்றாக அவ்வறிக்கையில் இடம்பெற்றது. எவ்வாறாயினும் இது மருத்துவர் துணையோடு செய்யத்தக்கது. மெய் எது, மாயை எது என்று பகலிலேயே மயங்கும் மனநோய் உடையவர் இப்பயிற்சியை அணுகவே கூடாது.

சோதனையின் தீர்ப்பு இருபுறமும் பிழைக்கலாம் என்பதையும் மறத்தலாகாது. கனவை நனவென மயங்கினால் ஓர் இனிய கனவு வீணாகும். நனவைக் கனவென மயங்கினால் உயிரே போகும். கிணற்றுக்கட்டில் ஏறி நின்று பறக்க முயல்வதும், தெருவின் குறுக்கே பேருந்தின்முன் நடப்பதும் சோதனைகளல்ல. நனவிற் செய்தாலும் தீங்கு பயவாதது எதுவோ அதனையே சோதனையாகக் கொள்க.

அம்மாணவனுக்கு யான் கூறிய விடையும் இதுவே: பகலில் மூக்கை விட்டுவிடலாம், பாயிலிருந்து எழும்போது மட்டும் பிடித்துப் பார்க்க. அவன் அடுத்து வினவியது நள்ளிரவில் எழுந்து செய்யும் பயிற்சியைப் பற்றி. பரீட்சை நெருங்கிய மாதங்களில் அது வேண்டா என்றேன். படித்தது நினைவில் ஊன்றுவதற்கு முறியாத உறக்கம் வேண்டும். மேலும் கனவுறக்கம் இரவின் கடைக்கூற்றிலேயே மிகுந்து வருவது. முழு இரவும் உறங்குபவனுக்கு நீண்ட கனவுகள் விடியலுக்குச் சற்று முன்னர்த் தாமாகவே வந்து சேரும்.